தங்கவயலுக்குப் போன நம் மக்கள்

ஜூபிலி மலர் என்றால் அதில் என்னென்ன இருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. ஆயரின் ஆசியுரை, இங்கு பணியாற்றிச் சென்ற குருக்களின் பெயர்கள், ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள், மணி வாங்கிய விவரம், நன்கொடையாளர்களின் படங்கள், இடையிடையே ஆரணிப் பட்டு விளம்பரங்கள். இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் ஒரு பங்கின் வரலாறு அதன் எல்லைக்குள் வாழ்ந்து மடிந்தவர்களால் மட்டும் ஆனதன்று. பிழைப்புக்காக எல்லையைத் தாண்டிப் போனவர்களும் அதில் அடங்குவர். அவர்களுக்கு மலரில் பக்கம் ஒதுக்குவாரில்லை. எனவே மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது, பழைய வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன தொழிலாளர்களைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். தங்கவயலில் தாத்தா வேலை பார்த்தார், பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்லும் குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு.

இளைஞர்களுக்கு இப்போது 'கே.ஜி.எஃப்' என்றால் 2018-இல் வந்த சினிமாதான் நினைவுக்கு வருகிறது. அதில் வரும் சண்டைகளுக்கும் உண்மையான தங்கவயலுக்கும் தொடர்பு ஏதுமில்லை. 2024-இல் வந்த 'தங்கலான்' வட ஆர்க்காட்டு மக்கள் தங்கம் தேடிப் போவதைக் கதையாகக் கொண்டது. அதிலும் மாயமும் கற்பனையும் மிகுதி. ஆயினும், போனவர்கள் யார் என்பதையாவது அது சரியாகச் சொன்னது.

தங்கவயலுக்குப் போகுமுன் சற்றுத் தூரம் சுற்றி, அயர்லாந்து வழியாகப் போவோம். காரணம் இருக்கிறது. வறுமையால் ஊரை விட்ட ஒரு கத்தோலிக்க மக்கள் கூட்டம் வேறொரு நாட்டின் தொழில் வளத்தைத் தன் தோளில் தூக்கி நிறுத்தியதற்கு, உலகம் அறிந்த பெரிய உதாரணம் அவர்களே. அவர்களுடைய கணக்கைப் பார்த்த கண்ணோடு நம்முடைய கணக்கைப் பார்த்தால், தெளிவாகத் தெரியும்.

1841-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அயர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 82 லட்சம். ஏழைகளின் உணவு உருளைக்கிழங்கு ஒன்றே. 1845-இல் கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் அழுகிற்று. ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினர். 1851-இல் மீந்தவர் சுமார் 65 லட்சம். மக்கள் பசியால் சாகும்போதே அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் இறங்கியவர்களுக்கு நிலம் வாங்கக் காசில்லை, கைத்தொழில் தெரியாது. கையில் இருந்தது மண்வெட்டி பிடிக்கும் வலு மட்டும். பஞ்சத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த அயர்லாந்துக்காரர்கள் 1825-இல் முடிவுற்ற ஈரிக் கால்வாயை வெட்டியவர்களில் இருந்தனர். நெசவு நம் வட்டாரத்தின் உயிர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லோவெல் என்ற ஊர் அமெரிக்கப் பருத்தி ஆலைகளுக்குத் தாய் வீடு போன்றது. அந்த ஆலைகளை ஓட்டிய தண்ணீருக்குக் கால்வாய் வெட்ட, 1822-இல் ஹியூ கம்மிஸ்கி என்ற அயர்லாந்துக்காரர் 30 ஆட்களைத் திரட்டி, பாஸ்டன் பக்கத்திலிருந்து நடத்தியே அழைத்துக்கொண்டு போனார். நம் ஊர் மொழியில் சொன்னால் அவர் ஒரு மேஸ்திரி. முதலில் கால்வாய் வெட்டியவர்களின் இனத்தார், பஞ்சத்துக்குப் பிறகு ஆலைக்குள்ளேயே குறைந்த கூலிக்குத் தறி ஓட்ட வந்தார்கள். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் வெல்ஷ் நாட்டுக்காரர்களுக்கு நல்ல உத்தியோகம், அயர்லாந்துக்காரருக்குக் கூலி வேலை. அதே மாநிலத்தில் ரயில் பாதை போட வந்த 57 பேர் 1832-இல் சில வாரங்களுக்குள் மாண்டு, பாதை ஓரத்திலேயே புதைக்கப்பட்டனர். அவர்களில் சிலருடைய எலும்புகளை 2009-க்குப் பிறகுதான் தோண்டி எடுத்தார்கள்.

இந்த மக்களுடைய சில்லறைக் காசினால்தான் நியூயார்க்கில் 1858-இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித பத்ரீசியார் பேராலயம் எழுந்தது என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டு வேலை செய்த பெண்களின் காணிக்கையும் அதில் உண்டு. அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணமோ அதைவிடப் பெரிது. அண்ணன் அனுப்பிய கப்பல் கட்டணத்தில் தம்பி போனான், தம்பி அனுப்பியதில் தங்கை போனாள்.

இனி நம் பக்கம் திரும்புவோம்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் காலம் வரையில் பேச்சு இருந்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் மாண்டவர்கள் பல லட்சம். வட ஆர்க்காடு மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. அப்போதும் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிற்று. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி இந்தப் பஞ்ச கால உழைப்பில் வெட்டப்பட்டதே. ஈரிக் கால்வாய்க்கு அயர்லாந்துக்காரர் என்றால் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நம்மவர். எல்லைக்கு அந்தப்புறம் மைசூர் ராஜ்யத்தில் நிலைமை இன்னும் மோசம். 1871-இல் சுமார் 50 லட்சமாக இருந்த அதன் ஜனத்தொகை 1881-இல் சுமார் 42 லட்சமாகக் குறைந்துபோயிற்று.

இந்தப் பஞ்சம் ஓய்ந்த இரண்டே ஆண்டில், 1880-இல், கோலாரில் ஆங்கிலக் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தது. ஒரு பக்கம் முதல் போட்டு வந்த கம்பெனி, இன்னொரு பக்கம் பசித்த வயிறு. இரண்டும் சந்தித்த காலம் இது. சுரங்கம் பத்தாண்டு முந்தி வந்திருந்தால் இவ்வளவு ஆட்கள் இவ்வளவு மலிவாகக் கிடைத்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

கோலாரில் பொன் இருப்பது பழங்காலத்திலிருந்தே அங்குள்ள கிராமத்தாருக்குத் தெரியும். மண்ணை அலசி, துளித் துளியாகப் பொன் எடுத்தனர். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின் எல்லை அளக்க வந்த லெப்டினென்ட் ஜான் வாரன் இதைக் கேள்விப்பட்டு, ஊராரைக் கொண்டு மண்ணை அலசிக் காட்டச் செய்து, எழுதி வைத்தார். இந்த வாரன் விசித்திரமான மனிதர். அயர்லாந்துப் பூர்வீகம் கொண்ட பிரெஞ்சுக் குடும்பத்தவர். பின்னாளில் சென்னை வானாராய்ச்சி நிலையத்தை நடத்தியவர். நம் பஞ்சாங்கக் கணக்கை ஆராய்ந்து 'கால சங்கலித' என்ற நூல் எழுதி 1825-இல் வெளியிட்டவர். கடைசியில் புதுச்சேரியில் மறைந்தார்.

வாரன் எழுதியதை 1871 வாக்கில் படித்துவிட்டுத் தூக்கம் இழந்தவர் இன்னொருவர்: மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல். இவரும் அயர்லாந்துக்காரரே. பட்டாளத்தில் இருந்து, நியூஸிலாந்தில் போர் புரிந்து, ஓய்வு பெற்றுப் பெங்களூர் தண்டில் குடியிருந்தவர். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போய்ப் பார்த்தார். மைசூர் அரசிடம் விண்ணப்பம் போட்டு உரிமையும் வாங்கினார். ஆனால் ஆழத் தோண்ட அவர் கையில் பணமில்லை. உரிமை கைமாறிக் கைமாறி, லண்டனிலிருந்த ஜான் டெய்லர் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. லவெலின் பெயர் பெங்களூரில் ஒரு பெரிய வீதிக்கு நிற்கிறது. கூலிக்காரராய் நாட்டை விட்ட அயர்லாந்துக்காரர்களைச் சற்று முன் பார்த்தோம். இவரோ வெள்ளையர் ஆட்சியின் சீருடையில் வந்த அயர்லாந்துக்காரர். ஒரே இனத்தார்தான், இறங்கிய துறைமுகத்தைப் பொறுத்து ஒருவர் மண்வெட்டி பிடிக்கிறார், ஒருவர் உரிமைப் பத்திரம் பிடிக்கிறார்.

ஆரம்ப ஆண்டுகளில் தோண்டிய இடமெல்லாம் வெறுங்கல்லாக இருந்து, கம்பெனிகள் மூடும் நிலைக்கு வந்தன. 1883 வாக்கில் மைசூர்ச் சுரங்கத்தில் கேப்டன் பிளம்மர் என்பவர் பழங்காலத்தார் தோண்டி விட்ட குழிகளுக்கு அடியில் போய்ப் பார்த்தபோதுதான் சாம்பியன் என்று பெயர் பெற்ற தங்கரேகை அகப்பட்டது. கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் அல்ல. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்க மேலாளருக்கு அப்படிப் பெயர். கார்ன்வாலில் செம்பு, தகரச் சுரங்கங்கள் நொடித்துப்போனதால் அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர் உலகமெங்கும் சிதறினர். கோலாருக்கு வந்தவர்கள் மேற்பார்வையாளர் ஆனார்கள். பென்சில்வேனியாவில் வெல்ஷ்காரர் பெற்ற இடம் இங்கே கார்ன்வால்காரருக்கு. அயர்லாந்துக்காரர் இருந்த இடத்தில் நம்மவர்.

நம்மவர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. பூமிக்கடியில் இறங்கிய தொழிலாளரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளின் ஆதிதிராவிட மக்கள். நிலம் உள்ளவன் போகவில்லை. தறி உள்ளவனும் எளிதில் போகவில்லை. நூல் விலை ஏறினாலும் பட்டுக்கு மவுசு குறைந்தாலும் எப்படியோ கஞ்சி குடித்துக்கொண்டு குழித்தறியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நிலமும் தறியும் இல்லாமல், பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகச் சாக வேண்டியவன்தான் கிளம்பினான். ஊரில் தெருவில் நடக்கவே தடை இருந்த காலம் அது. சுரங்கத்தில் கூலி காசாகக் கிடைக்கும், அங்கே யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்ற செய்தி சேரிக்குள் பரவியது. பஞ்சம் அவனை ஊரிலிருந்து தள்ளியது உண்மைதான். மரியாதை அவனைத் தங்கவயலுக்கு இழுத்தது என்பதும் அதே அளவு உண்மை. இதைச் சொல்லாமல் வறுமையை மட்டும் சொல்லும் வரலாறுகளை நான் ஏற்பதில்லை.

ஆள் சேர்த்தவர்கள் காண்டிராக்டர்களும் அவர்களுக்குக் கீழ் மேஸ்திரிகளும். முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப் போவார்கள். கூலியில் பிடித்துக்கொள்வார்கள். முதலில் போனவர்கள் வேலூர், குடியாத்தம் வழியாக நாலைந்து நாள் நடந்திருப்பார்கள். 1890-களில் ரயில் வசதி பெருகிற்று. விழுப்புரம்–காட்பாடி மீட்டர்கேஜ் பாதை நம் போளூர் வழியாகவே போயிற்று. காட்பாடியில் இறங்கிப் பெங்களூர் வண்டி பிடித்தால் பௌரிங்பேட்டை. அதுதான் இன்றைய பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894-இல் கிளைப்பாதை போட்டார்கள். ஒருவன் போய்ச் சேர்ந்து இடம் பிடித்தால் அடுத்த பொங்கலுக்கு ஊர் வந்து, தம்பியையும் மைத்துனனையும் அழைத்துக்கொண்டு போவான். அயர்லாந்துக்காரனுக்குக் கப்பல் சீட்டு, நம்மவனுக்கு ரயில் சீட்டு.

ஒரு புள்ளிவிவரம் போதும். 1891-இல் தங்கவயலின் ஜனத்தொகை சுமார் 7 ஆயிரம். 1901-இல் 38 ஆயிரம். பத்தே ஆண்டில் முள்ளும் கல்லுமாய்க் கிடந்த பொட்டலில் ஒரு நகரம் முளைத்து நின்றது.

அந்த நகரத்துக்காக நடந்த ஏற்பாடுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இயந்திரங்களுக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காகக் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின் நிலையம் கட்டி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902 ஜூன் மாதம் கோலாருக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத் தெருவுக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான். அதாவது தலைநகருக்கு முன்னால் சுரங்கத்துக்கு வெளிச்சம். குடிதண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அந்த ஏரி எந்த ஆற்றில் இருக்கிறது தெரியுமா? பாலாற்றில்! ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு என்று கீழே வந்து நம் ஜில்லாவை நனைக்க வேண்டிய ஆறு. ஆளும் நம்முடையவன், ஆற்றுத் தண்ணீரிலும் ஒரு மடக்கு நம்முடையது.

உற்பத்தி 1905-ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டது. இந்தியாவில் எடுக்கப்பட்ட பொன்னில் மிகப் பெரும்பகுதி கோலாருடையது. லண்டனில் பங்குதாரர்களுக்கு லாபம் போயிற்று. மைசூர் அரசுக்கு எடுத்த பொன்னின் மதிப்பில் ராயல்டி கிடைத்தது. அணை, ஆலை, பள்ளி என்று மைசூர் ராஜ்யம் முன்மாதிரி ராஜ்யமாகப் பேர் எடுத்த நாட்களில் அந்தக் கஜானாவுக்கு ஓர் ஊற்று இந்தச் சுரங்கம். மூடும் வரை சுமார் 120 ஆண்டுகளில் அங்கே எடுத்த பொன் 800 டன் அளவுக்கு இருக்கும். அதற்காக வெளியே கொண்டு வந்து இடித்துப் பொடியாக்கிய பாறை சுமார் 5 கோடி டன். ஆரம்பத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது, கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்குத் தேய்ந்தது. பொடித்த மண்ணைச் சயனைடு கலந்து அலசிவிட்டுக் கொட்டிய மேடுகள் இன்றும் மலை போல் நிற்கின்றன. காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசி ஊர் முழுவதும் பறக்கிறது.

அந்தப் பாறையை உடைத்த இடம் எப்படிப்பட்டது? சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிற்று. போளூர்ச் சம்பத்கிரி மலையைப் பல தடவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து உள்ளே இறக்கினாலும் அடி தட்டாது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி சென்டிகிரேடு. குளிர்காற்று அனுப்பும் இயந்திரங்கள் இருந்தும், மனிதன் கோவணத்தோடு நின்று வேலை செய்தான். ஆழத்தில் பாறை மேலிருந்து வரும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். அந்த ஓசை கேட்டால், உள்ளே போன புருஷன் எந்தச் சுரங்கத்தில் எந்த லெவலில் இருக்கிறான் என்று பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். இந்த அதிர்வுகளை அளக்க 1912-லேயே கருவி வைத்தார்கள். 1965-இல் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய உலக விஞ்ஞானிகள் இதே சுரங்கத்தின் ஆழத்தைத்தான் தேடி வந்தார்கள். நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் இதை வாசிக்கும்போது, அந்த ஆழத்துக்கு வழி வெட்டியது யார் என்பதையும் ஆசிரியர்கள் சொல்லலாம்.

ஏர்பிளாஸ்டில் செத்தவனுக்காவது செத்த நாள் என்று ஒன்று உண்டு. பாறைத் தூசியால் செத்தவனுக்கு அதுவும் இல்லை. துளை போடும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து, சில ஆண்டுகளில் மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். அது போகும் மருந்து இன்றுவரை இல்லை. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் இருந்தது தெரிந்தது. சுரங்கம் தொடங்கி அறுபதாண்டு கழித்துத்தான் சோதனை என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன் இருமி இருமி ஊர் திரும்பியவர்களை எந்தக் கணக்கும் பிடிக்கவில்லை. காசநோய் என்று சொல்லிக் கிராமத்தில் திண்ணையில் படுக்க வைத்தார்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். தொழில் வளர்ச்சியைக் கணக்கிடுகிறவர்கள் லண்டன் முதலீட்டை எழுதுகிறார்கள், கார்ன்வால் அறிவை எழுதுகிறார்கள், காவிரி மின்சாரத்தை எழுதுகிறார்கள். கூலி கொடுத்தாயிற்று, ஆகவே தொழிலாளியின் கணக்கு தீர்ந்தது என்று கோடு போடுகிறார்கள். ஆனால் இருபது வயதில் சுரங்க வாசலில் வந்து நின்றவனை இருபது ஆண்டு சோறு போட்டு வளர்த்தது யார்? வட ஆர்க்காட்டின் ஒரு குடிசை. அவன் பிள்ளைகளைப் பல வருஷம் ஊரில் வைத்துக் காப்பாற்றியது யார்? அவன் தாய். நாற்பது வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவனைத் திரும்ப வாங்கிக்கொண்டது யார்? அதே குடிசை. வளர்த்த செலவும் வைத்தியச் செலவும் அடக்கச் செலவும் கிராமத்தின் தலையில். உடம்பில் வலு இருந்த இருபது ஆண்டு மட்டும் கம்பெனியின் கணக்கில். அயர்லாந்து அமெரிக்காவுக்குச் செய்ததும் இதுவே. வளர்ந்த ஆளை விலையில்லாமல் பெற்றுக்கொண்ட நாடு சீக்கிரம் வளர்வதில் என்ன அதிசயம்? தங்கவயலின் கணக்குப் புத்தகத்தில் நம் ஜில்லாவுக்குப் பங்குத்தொகை என்று ஒரு வரி எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் நாமும் ஒரு பங்குதாரர்.

ஊருக்குப் பணம் வந்ததே என்று கேட்கலாம். வந்தது. அந்த மணியார்டரில் பெண்களுக்குக் கலியாணம் நடந்தது, கூரை ஓடாயிற்று, அடகு மீட்கப்பட்டது. சிலர் துண்டு நிலமும் வாங்கினார்கள். பண்ணையாளின் மகன் சொந்த நிலத்தில் கால் வைத்தான் என்பது சாதாரண மாற்றமல்ல. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பணமாக வந்தது எவ்வளவு, மூச்சாகப் போனது எவ்வளவு என்று இரண்டையும் எடைபோட வேண்டும்.

அந்தப் பொட்டலில் நம் மக்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்டது கொஞ்சமல்ல. வெள்ளைக்காரருக்குப் பங்களாவும் கிளப்பும் கால்ஃப் மைதானமும் இருக்க, இவர்களுக்கு ஒற்றை அறை லைன் வீடுகள். அந்த லைன்களுக்குள்ளேதான் தமிழ்ப் பள்ளி, நாடகம், பஜனை, கால்பந்துக் குழு எல்லாம் வளர்ந்தன. கத்தோலிக்கர் காசு சேர்த்துக் கோயில் கட்டினர். சாம்பியன் ரீஃப் வெற்றி மாதா ஆலயத்தில் தமிழில் பூசையும் பாட்டும் கேட்டவர்கள் நம்மிலும் இருப்பார்கள். பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவருக்குப் பின் 'தமிழன்' பத்திரிகை தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரால் நடத்தப்பட்டது. நம் சபையைச் சேராதவர்கள் செய்த வேலை என்பதற்காக இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஊரில் எழுத்து மறுக்கப்பட்டவன் சுரங்க லைனில் பத்திரிகை நடத்தினான் என்பது யாருக்கும் பெருமையே.

1930-இல் கம்பெனி தொழிலாளர் அனைவரிடமும் கைரேகை எடுத்துப் பதிவு செய்ய முற்பட்டபோது, குற்றவாளிகளா நாங்கள் என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். மூன்று வாரம் சுரங்கம் ஓடவில்லை. அப்போது அங்கே முறையான சங்கம் கூடக் கிடையாது. 1946-இல் மீண்டும் பெரிய வேலை நிறுத்தம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். முதல் போராட்டம் கூலி உயர்வுக்காக அல்ல, மானத்துக்காக எழுந்தது என்பதைப் படிக்கும்போது, ஊரை விட்டு அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதும் புரிகிறது. அமெரிக்காவில் அயர்லாந்துக்காரரின் அனுபவமும் இப்படியே கசப்பானது. நமக்குத் தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்த அதே 1877-இல், ஜூன் 21 அன்று, பென்சில்வேனியாவில் அயர்லாந்துச் சுரங்கத் தொழிலாளர் பத்துப் பேரை ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள். பத்தாண்டு கழித்து 1887-இல், அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த கர்தினால் கிப்பன்ஸ் தொழிலாளர் சங்கம் ஒன்றுக்காக ரோமாபுரியில் வாதாடினார். 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் உரிமை பற்றிய 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். குருமடத்தில் அந்தச் சுற்றுமடலை நாங்கள் லத்தீன் சொற்களோடு மனப்பாடம் செய்தோம். அது வெளிவந்த அதே ஆண்டுகளில் நம் ஜில்லா ஆட்கள் மாரிக்குப்பத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1962-இல் மத்திய அரசு ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனி ஆயிற்று. வெள்ளைக்காரன் போனபின்னும் ஆழம் கூடிக்கொண்டே போனது, பொன் குறைந்துகொண்டே வந்தது. எடுக்கும் செலவுக்குப் பொன் ஈடு கொடுக்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தண்ணீர் இறைப்பது நின்றதால் ஆழமெல்லாம் வெள்ளம் நிறைந்தது. அப்போது வேலையில் இருந்தவர் சில ஆயிரம் பேர். லைன் வீடு சொந்தமா, பாக்கி எவ்வளவு என்று அவர்கள் பல ஆண்டுகள் அலைந்தார்கள்.

ஊருக்குத் திரும்பலாமே என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். எந்த ஊருக்கு? நாலாவது தலைமுறை அங்கே பிறந்துவிட்டது. போளூரும் ஆரணியும் திருவண்ணாமலையும் அவர்களுக்குப் பாட்டி சொன்ன பெயர்கள். கர்நாடகத்தில் தமிழராகவும், தமிழ்நாட்டுக்கு வந்தால் கர்நாடகத்தாராகவும் பார்க்கப்படுகிறார்கள். இன்று பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறார்கள். பொன்னைக் கொண்டுபோகப் போட்ட பாதை இப்போது ஆளைக் கொண்டுபோகிறது. நம் பிள்ளைகளும் அதே பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். நம் வட்டாரத்தில் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்களையும் ஒரு குடிசை வளர்த்து அனுப்பியிருக்கிறது.

இந்த ஜூபிலி ஆண்டில் பங்குப் பேரவையின் சம்மதத்தோடு ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். ஆலய அலுவலகத்தில் தனியாக ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டுள்ளது. தங்கவயலில் உழைத்த தாத்தா, கொள்ளுத் தாத்தா, அவரோடு போய் லைன் வீட்டில் குடும்பம் நடத்திய பாட்டி, இவர்களுடைய பெயர், போன ஆண்டு, வேலை செய்த சுரங்கம், திரும்பினாரா, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டாரா என்ற விவரங்களைத் தெரிந்த அளவுக்கு வந்து எழுதித் தாருங்கள். பிற மதத்து அண்டை வீட்டாருடைய பெயர்களையும் எழுதலாம். பழைய சம்பளச் சீட்டு, மணியார்டர் துண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, லைன் வீட்டு வாசலில் எடுத்த படம் எதுவாயினும் கொண்டு வந்தால் நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மதியம் வரை அலுவலகம் திறந்திருக்கும். எழுதத் தெரியாத முதியோர் வந்து சொன்னால் போதும், உபதேசியார் எழுதிக்கொள்வார்.